மூன்று சுற்று

உறைபெட்டி ஒன்றை ஏற்றுவதற்காக
முன்சீட்டைக் கழற்றினோம்.
நாலு போல்டையும் தயிர் டப்பாவில் போட்டு
மூடியில் தேதியும் எழுதி வைத்தேன்.
டப்பா இருக்கிறது.
தேதி இருக்கிறது.
உள்ளே இரண்டு.

மற்ற இரண்டை
இவருடைய தம்பி எதற்கோ எடுத்திருக்கிறான்,
எதற்கென்று அவனுக்கே ஞாபகமில்லை.
"போல்ட்தானே அண்ணி."

ஒன்பது நாளாகப் பிலோமினா பின்சீட்டில்.
பின்னால் இருந்தால் அவளுக்குக் குமட்டும்.
விடியற்காலை ஐந்துக்கு
வின்சரிலிருந்து லெமிங்டன் தக்காளிக் கண்ணாடி வீடுகளுக்கு
மடியில் பிளாஸ்டிக் பையோடு வருவாள்.
எசெக்ஸ் தாண்டும்போது, பல்லி சொல்வதுபோல
தினமும் அதே இடத்தில்
"இன்னும் ஆணி கிடைக்கேல்லையோ?"

ஹார்ட்வேர் கடையில் ஐந்து டொலருக்கு இரண்டு.
பழையதோடு தோளுக்குத் தோள் நிறுத்திப் பார்த்தேன்:
அதே தடிப்பு, அதே நீளம்,
ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்றுதான் நினைத்தேன்.
கராஜில் முழந்தாளிட்டுத் துளையில் வைத்துத் திருகினால்
ஒரு சுற்று, வழுக்கிக்கொண்டு.
இரண்டு.
மூன்று.
அதற்குமேல் இல்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தியிருப்பேன்.
மூடாத சூட்கேஸை
அமுக்கி அமுக்கிப் பூட்டியே
விமானம் ஏறிய கை இது.
ஏனோ அழுத்தவில்லை.

வாக்கர் வீதி, பழைய கார் யார்ட்.
நாடீன், லெபனான்காரி,
நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு, காதில் முத்து.
சீப்புப் போலப் பல்வைத்த சின்னத் தகடொன்றை
என் புதிய போல்டின் புரியில் பதித்து
வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.
இடுக்குகளில் வானம் தெரிந்தது.
பழையதில் பதித்தாள். இருட்டு.
"உன்னுடையது ஒன்றேகால். இது ஒன்றரை."
மில்லிமீட்டரில் கால்.
எள்ளைப் பிளந்து, பிளந்ததைப் பிளந்தால்
கிடைக்கலாம்.

பிறகு தலையைக் காட்டினாள்.
துருவைச் சுரண்டியபோது பழையதில் 10.9.
புதியதில் 8.8.
நான் அதை ஏதோ தொழிற்சாலைக் கணக்கென்று விட்டிருந்தேன்.
"யார் உட்காருவது?"
"சினேகிதி."
"எத்தனை கிலோ?"
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
"எழுபது என்று வை. மோதுகிற நொடியில்
இரண்டு டன்."

வரிசையில் என் காரின் வகையில் மூன்று.
முதலாவது மூக்கு நசுங்கிக் கிடந்தது.
போல்டுகள் மட்டும் புதுக்கருக்கு அழியாமல்.
குனிந்தேன்.
"அதில் வேண்டாம். இழுபட்ட இரும்பு நீண்டிருக்கும்,
கண்ணுக்குத் தெரியாது."
சீட்டின் அடியில் ஒற்றைக் கையுறை, சின்னது.
நிமிர்ந்துவிட்டேன்.

மூன்றாவது, கியர்பெட்டி போய் ஓய்ந்த கார்.
ஆறேழு பனிக்காலத்து உப்பு தரையைத் தின்றிருந்தது.
எண்ணெய் அடித்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில்
இவர் போன் எடுத்தார்:
இரண்டு போல்டுக்கு நாலு மணித்தியாலமா,
உனக்கென்ன நட்டு கழண்டு போச்சா?
நட்டு இல்லையப்பா, போல்ட், என்றேன்.
டொக் என்று அசைந்தது முதலாவது.

வீட்டில் துடைத்துப் பார்த்தேன்.
வலம்புரிதான்;
காதில் வைத்தால் கடல் மட்டும் கேட்காது.
சாவி வேண்டியிருக்கவில்லை, விரலாலேயே
மூன்று, நாலு, ஐந்து,
எண்ண மறந்து, அடிவரை.
கடைசி இறுக்கத்துக்குத்தான்
நாடீன் இரவல் தந்த ரென்ச்,
அளவு வந்ததும் க்ளிக்.

திங்கட்கிழமை பிலோமினா ஏறி
இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள்.
பெல்டைப் பூட்டினாள்.
ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் பையை மடித்து
கைப்பைக்குள் வைத்தாள்.
எசெக்ஸ் வருவதற்குள் வாய் திறந்த நித்திரை.

கோப்பைக் குழியில் அந்த இரண்டு புதிய போல்டுகள்
பள்ளம் விழும்போதெல்லாம் கிணுங்கின.
ரசீதை நான் தேடவில்லை.